தானே ஆறும் பெயிண்டும் ஒன்பதாம் படியும்

மானிட குலத்துக்கு ஓர் அறிவிப்பு. கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நிற்கவும். இரும்பு பிறந்த நாள் முதல் அதை அரித்துத் தின்றுவந்த துரு என்னும் கொடும்பகைவன், நேற்றுப் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் பெயிண்ட் கம்பெனியின் மூன்றாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில் வைத்து ஒழிக்கப்பட்டான். இனி இரும்புக்குக் காயம் பட்டால் அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். மருந்தும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம்.

இதை நான் சொல்லவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகை சொன்னது. எழுதியவர் எங்கள் ஆய்வுத் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பிரகடனம். மனிதர் தும்முவதாக இருந்தாலும் தொண்டையைச் செருமி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தும்முவார். அவருடைய தாளுக்குக் கீழே யாரோ பென்சிலால், "கழிவறைத் தாழ்ப்பாளுக்கும் ஒரு கோட்டிங் அடிக்கவும்" என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இரண்டு வருடமாகக் கதவோடு சேரவில்லை. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

துரு ஒழிந்த அந்த மூன்று மணி பத்து நிமிடத்தில் நானும் அந்த அறையில்தான் இருந்தேன். பாத்திரத்தின் அடியில் பிடித்துப்போன மஞ்சள் பொருக்கைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் புண்ணின் மேல் கட்டுமே, அதே நிறம், அதே மொறமொறப்பு. சுரண்டும்போது ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கி, தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். பத்தொன்பது வருடமாக நான் யாருடைய வெற்றிக்கும் அழாமல் இருந்ததில்லை. எல்லாம் இந்த நெடிதான்.

என் வேலை பெயிண்டுக்கு மாத்திரை செய்வது. என் மனைவி அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். தண்ணீரில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிக் கலக்கியை வேகமாகச் சுழற்றினால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடையும். யூரியாவும் ஃபார்மலினும் சேர்த்து, சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, ஐம்பத்தைந்து டிகிரிச் சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தால் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு கட்டும். கலக்கி கொஞ்சம் மெதுவானால் ஓடு பெரிதாகிவிடும். சூடு கொஞ்சம் கூடினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சளிபோலத் திரளும். எல்லாம் சரியாக அமைந்தால் வடிகட்டி, கழுவி, காயவைத்தபின் வெள்ளைப் பொடி கிடைக்கும். பொடியின் ஒவ்வொரு துகளும் எண்ணெய் அடைத்த ஒரு முட்டை.

இந்த முட்டைகளைப் பெயிண்டில் கலந்து இரும்பின் மேல் அடித்துவிட்டால், என்றாவது கீறல் விழும்போது அந்த இடத்து முட்டைகள் உடையும். எண்ணெய் கசிந்து கீறலை நிரப்பும். காற்றுப் பட்டு இரண்டு நாளில் இறுகிவிடும். ஈரம் இரும்பைத் தொடாது. நல்ல சரக்குதான். என் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன்: "முடி அகலக் கீறல் என்றால், ஒரு தடவை, புது இரும்பில், நன்றாக வேலை செய்கிறது."

பிரகடனம் அந்த வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் மழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். முடி அகலம் போயிற்று, ஒரு தடவை போயிற்று, புது இரும்பும் போயிற்று. "நன்றாக வேலை செய்கிறது" என்பது மட்டும் மொட்டைத்தலையோடு நின்றது.

"சார், அந்த மூணும் இல்லேன்னா இது பொய் சார்," என்றேன்.

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த விரல் நாக்குக்கு ஒரு நடை போய்வரும். கோப்பு, லிஃப்ட் பொத்தான், கை குலுக்க வருபவரின் கை, எதுவும் விலக்கில்லை. "விவரம் வேற, விஷன் வேறய்யா," என்றார். "நீங்க விவரத்தைப் பாருங்க. விஷனை நான் பாத்துக்கறேன்."

சரி, அவர் விஷனை வைத்துக்கொண்டு கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்று நானும் விட்டிருப்பேன். என் மச்சான் மட்டும் வேறு வேலை பார்த்திருந்தால்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் சுத்தியல். ரயில் நிலையத்தின் இரும்பு நடைபாலத்தைப் பராமரிக்கும் நால்வரில் அவன் ஒருவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாலத்தின் ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு கம்பியையும் சிறு சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். உள்ளே இற்றுப்போன இரும்பு 'பொத்' என்று சொல்லும். பொத் என்றால் சுண்ணாம்புக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதை வெட்டி எடுத்துப் புதிது வைப்பார்கள்.

வீட்டிலும் அவனுக்கு அதே புத்தி. பாத்திரம் வாங்கினால் தட்டிப் பார்ப்பான். கதவைத் தட்டினால் திறப்பதற்குள் கதவின் ஆயுளைச் சொல்லிவிடுவான். "பொண்ணு பார்க்கப் போற இடத்துலயாவது கையைக் கட்டிக்கிட்டு இருடா. அந்தப் பொண்ணு தலையில தட்டிப் பாத்துடாதே," என்பாள் அவன் அக்கா.

"தட்டாம கட்டிக்கிட்டவர் உன் வீட்டுக்காரர்தான்க்கா. அவர் படற பாடு தெரியுதே."

அந்தச் சுற்றில் தெற்குப் படிக்கட்டின் ஒன்பதாம் படி 'பொத்' என்றது. மச்சான் அன்று சாப்பிடாமல் வந்து சொன்னான். "மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது மாமா. பெயிண்ட் அப்படியே இருக்கு. அடியில ரெண்டு பக்கமும் தாங்குற வளைவு இருக்கு பாருங்க, அது பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு. ஆணியால குத்தினா உள்ள போகுது. எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த சுத்துல வெட்டிடுவாங்க."

என் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். போக ஒருமுறை, வர ஒருமுறை, தினமும் அந்தத் தெற்குப் படிக்கட்டு. அன்றிலிருந்து எட்டாம் படியிலிருந்து நேராகப் பத்தாம் படிக்குக் கால் போட்டாள். நாற்பத்தாறு வயதில் புடவையைத் தூக்கிக்கொண்டு அவள் தாவுவதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்களும் எதற்கென்று தெரியாமலே தாவ ஆரம்பித்தார்கள். மீதி ஆறேழாயிரம் பேர் தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் போனார்கள்.

இந்த நிலையில்தான் பிரகடனம் தன் விஷனை எடுத்துக்கொண்டு நகர நிர்வாகத்தின் பெரிய அதிகாரியிடம் போனார். நடைபாலம் முழுக்க எங்கள் பெயிண்டை அடிப்பது. காயம் தானே ஆறிவிடும் என்பதால் இனி தட்டிப் பார்க்கும் வேலை அடியோடு ரத்து. நான்கு சுத்தியல்களுக்கும் ஓய்வு. அதிகாரிக்கும் மகிழ்ச்சி, ஒரு செலவு குறைந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பெயிண்ட் ஆறுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

"ஒன்பதாம் படியை வெட்டறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று மச்சான் கேட்டான்.

"முன்னால."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். வேலை போவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "உள்ள இத்துப்போனதுக்கு மேல என்னத்தைப் பூசினா என்ன மாமா? பல்லு சொத்தைக்கு லிப்ஸ்டிக் போடற மாதிரி." பிறகு என்னைப் பார்த்தான். "அந்த மாத்திரை செய்யறது நீங்கதானே?"

நான்தான். அன்று எனக்குச் சோறும் ஃபார்மலின் போலத்தான் இறங்கியது.

கண்காட்சிக்குத் திட்டம் இப்படி: திங்கட்கிழமை விருந்தினர் முன்னிலையில் பெயிண்ட் அடித்த ஒரு இரும்புத் தகட்டில் பிரகடனம் கீறல் போடுவார். தகட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். புதன்கிழமை திறந்து மயில்துத்தக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். இரும்பு எங்காவது திறந்திருந்தால் கரைசலில் இருக்கும் செம்பு அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு சட்டென்று சிவந்துவிடும். கீறல் ஆறியிருந்தால் நிறம் மாறாது. சிவந்தால் தோல்வி, சிவக்காவிட்டால் வெற்றி. இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் இல்லை.

அதில் ஃபெயில் ஆவதற்கும் ஒரு மேதை வேண்டும். எங்களிடம் இருந்தார்.

அந்தத் தகட்டை நான்தான் தயார் செய்தேன். ஆழ்ந்த நீலம். நடுவில் கம்பெனியின் சின்னம். பிரகடனத்துக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. மரச் சட்டம் போடச் சொல்லி, அதைப் படம் பிடித்து அழைப்பிதழின் அட்டையிலும் அச்சடித்துவிட்டார். சின்னத்துக்கு நேர் கீழே ஒரு பென்சில் புள்ளி. "இங்கதான் கோடு ஆரம்பிக்கணும். கேமரா இங்கதான் பாக்கும்," என்றார். பிறகு ஒத்திகை ஆரம்பித்தது.

முதல் ஒத்திகையில் புள்ளியிலிருந்து அரை சாண் நீளத்துக்குக் கீறினார். இரண்டு நாள் கழித்து நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீறல் அழகாக ஆறியிருந்தது. எண்ணெய் இறுகி, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, தங்க நிறத்தில் மெல்லிய தழும்பு. பத்தொன்பது வருடத்தில் நான் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டென்றால் அது அந்தத் தழும்புதான்.

"கையை வீசினது சரியா வரலை," என்றார் பிரகடனம். அதே புள்ளியில் வைத்து, அதே கோட்டின் மேல், மறுபடி கீறினார்.

"சார், அங்க வேண்டாம் சார். அந்த இடத்து முட்டை எல்லாம் ஒடஞ்சு காலியாயிடுச்சு. ஒரு இடத்துல ஒரு தடவைதான். பக்கத்துல போடுங்க. இல்லே, வேற தகடு தரேன், அஞ்சு தகடு இருக்கு."

"இதோட பேர் என்னய்யா?"

"எதோட சார்?"

"நம்ம பெயிண்டோட பேர்."

"தானே ஆறும் பெயிண்ட்."

"அப்புறம் ஒரு தடவைதான் ஆறும்னா எப்படி? தானே ஆறும்னா தானே ஆறணும்யா. நீங்க என்ன, அதுக்குப் போய் சந்தேகத்தைச் சொல்லிக் குடுக்கறீங்க?"

பெயரை வைத்தவரும் அவரே, பெயரை நம்பியவரும் அவரே. பதினோரு நாளில் ஐந்து தடவை அதே கோட்டைக் கீறினார். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, கோட்டில் வந்த தூளைத் துடைத்துவிட்டு, கேமரா இருக்கப்போகும் மூலையைப் பார்த்து ஒரு புன்னகை. கடைசியில் அந்த இடத்தில் முட்டையும் இல்லை, எண்ணெயும் இல்லை. அடியில் பச்சை இரும்பும் அவருடைய எச்சிலும்தான். மாட்டைக் கறந்து முடித்த பிறகும் மடியைப் பிடித்துத் தொங்குவதற்கும் ஓர் அளவு உண்டு.

திங்கட்கிழமை விருந்தினர் வந்தார்கள். பிரகடனம் அரை மணி நேரம் பேசினார். இறுதியில் ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணரைப் போல வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பென்சில் புள்ளியில் கத்தியை வைத்து, ஆறாவது முறையாக அதே கோட்டைக் கீறினார். கையுறையோடு விரல் நாக்குக்குப் போயிற்று. முதல் வரிசையில் ஓர் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகடு பெட்டிக்குள் போயிற்று. பூட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். அறைக் கதவைச் சாத்தினார். மேசையின் மேல் ஒரு சாவி, ஊசிமுனைப் பிரஷ் ஒன்று, நிறமில்லாத வார்னிஷ் சின்ன பாட்டிலில்.

"பெட்டிக்கு வெளியே இருந்து பாத்தேன்," என்றார். குரலை அவர் இறக்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கொஞ்சம் மந்தமா இருக்கு."

"மந்தம் இல்லே சார், செத்துப்போச்சு. நான் சொன்னேனே."

"சொன்னதைப் பத்திப் பேசாதீங்க. செய்யறதைப் பத்திப் பேசுவோம். சாயங்காலத்துக்குள்ள போய், கோட்டுல லேசா இதை ஓட விட்டுடுங்க. உங்க கை நல்ல கை. யாருக்கும் தெரியாது."

"அப்போ தானே ஆறினதா ஆகாதே சார்."

"நீங்களும் கம்பெனிதானே? கம்பெனி தன் கையால தன் பெயிண்டை ஆத்திக்குது. அது தானே இல்லாம வேற என்ன?" சாவியை என் பக்கம் தள்ளினார். அதன் மேல் ஈரம் இருந்தது. எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மதியம் கீழே வரவேற்புக் கூடத்துக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரஷ்ஷைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், மாப்பிள்ளைக்கு மேக்கப்பா?"

"ஆமா."

"போடுங்க போடுங்க. எங்க ஆளுங்க யாரும் பாக்கலை. நான்தான் ஆளுங்க." திரும்பி உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டார். எங்கள் கம்பெனியில் நேர்மை என்றால் அதுதான்: முதுகைக் காட்டுவது.

பெட்டியைத் திறந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உலர்ந்த சாம்பல் கோடு. ஓரத்தில் எச்சில் காய்ந்த தடம், நத்தை போன வழிபோல. பிரஷ்ஷை வார்னிஷ்ஷில் தோய்த்தேன். ஒரே இழுப்பு. மூச்சை அடக்கினால் எட்டு நொடி. மறுநாள் சிவக்காது. அதிகாரி கையெழுத்துப் போடுவார். சுத்தியல்கள் அலமாரிக்குப் போகும். ஒன்பதாம் படிக்கு நீலப் பெயிண்ட். அதன் மேல் காலையில் ஆறேழாயிரம் பேர், அதில் ஒருத்தி மட்டும் தாவுவாள். ஒருநாள் மழையில் வழுக்குமே என்று பயந்து தாவாமல் போவாள்.

பிரஷ்ஷின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. சொட்டை என் கைக்குட்டையில் துடைத்தேன். பெட்டியைப் பூட்டினேன்.

"ஆச்சா சார்?" என்றார் காவலாளி, திரும்பாமல்.

"ஆச்சு."

வீட்டில் சொன்னேன். மச்சான் முதலில் நம்பவில்லை. "நிஜமா தொடலையா மாமா?"

"தொடலை. நாளைக்கு முக்கினா மிளகாய்ப் பழம் மாதிரி சிவக்கும். அதிகாரி எந்திரிச்சுப் போயிடுவார். அடுத்த மாசம் நீ போய்ப் படியை வெட்டு."

"உங்க வேலை?"

"போனா போகட்டும். நீ தட்டறதை எனக்கும் கத்துக் குடு."

"உங்களுக்கா? டங்குக்கும் பொத்துக்கும் வித்தியாசம் தெரியணுமே. அக்கா திட்டறது உங்களுக்கு ரெண்டும் ஒரே சத்தமாத்தானே கேக்குது."

என் மனைவி சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எங்கள் வீட்டில் பதக்கம் என்றால் அதுதான்.

புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஓரத்தில் நீண்ட மேசை, அதில் க்ரீம் கேக்குகள். மயில்துத்தக் கரைசல் வைத்த கண்ணாடித் தொட்டியையும் அதே மேசையில்தான் வைத்திருந்தார்கள். நீல நிறம் நீலத் துணிக்குப் பொருத்தமாம். அதிகாரி பருத்த மனிதர். ஒரு கையில் கேக், மறு கை கைதட்டுவதற்காகத் தயாராக இருந்தது. பிரகடனம் பெட்டியைத் திறந்தார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யக்கூடிய அசிங்கங்களில் அந்தச் சிமிட்டலுக்கு நல்ல இடம் உண்டு.

தகட்டைக் கரைசலில் இறக்கினார். பத்து வரை எண்ணினார். எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். தூக்கினார்.

நீலத்தின் நடுவில், சின்னத்துக்கு நேர் கீழே, அரை சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. சவரக்கத்தி பட்ட கன்னம் போல இருந்தது.

கூடத்தில் யாரோ கேக்கை விழுங்கும் சத்தம் கேட்டது. பிரகடனத்தின் கண் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தது. நான் அசையவில்லை. அவர் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போயிற்று. நாக்கைத் தொட்டதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது.

"பாருங்கள்!" என்று முழங்கினார். "ரத்தம்! காயம் பட்ட இடத்துக்கு ரத்தம் பாய்கிறது! உயிருள்ள உடம்பில் காயம் ஆறும்போது என்ன ஆகும்? சிவக்கும்! இதோ, இரும்பு சிவக்கிறது! இரும்பு ஆறிக்கொண்டிருக்கிறது!"

பிறகு கைதட்டல். கேக் பிசுபிசுத்த கைகளின் தட்டல், சப் சப்பென்று.

அதிகாரி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "அருமை, அருமை. சிவக்கலேன்னா?"

"காயமே படலைன்னு அர்த்தம், ஐயா."

"பிரமாதம்."

நான் எழுந்தேன். "ஐயா, அது ரத்தம் இல்லைங்க. செம்பு. கரைசல்ல இருக்கற செம்பு வெறும் இரும்பு மேல போய் ஒட்டிக்கிட்டிருக்கு. கீறல் ஆறலைன்னு அர்த்தம்."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா, செம்பா? இரும்பு மேல செம்பு வேற வந்துடுதா?" பிரகடனத்தின் பக்கம் திரும்பினார். "இதை நீங்க சொல்லவே இல்லையே!"

"அடக்கம் ஐயா," என்றார் பிரகடனம். "அது இரண்டாம் கட்டம்."

அதிகாரியின் உதவியாளர் கோப்பை நீட்டினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். உத்தரவில் முந்தைய வெள்ளிக்கிழமைத் தேதி அச்சாகியிருந்தது. திங்கட்கிழமை கீறலுக்கும் மூன்று நாள் முன்னால். நான் கோட்டில் பிரஷ்ஷை வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் அந்தக் கோப்புக்கு எந்தக் காயமும் இல்லை.

என் வேலை போகவில்லை. செம்பு விஷயத்தை வெளிக்கொண்டு வந்தவன் என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். பாராட்டுக் கடிதத்தின் கீழ் மூலையில் விரல் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது.

பாலத்துக்கு டன் கணக்கில் பெயிண்ட் வேண்டும். என் முட்டைகளைத் தொழிற்சாலையின் பெரிய கலக்கித் தொட்டியில் கொட்டினார்கள். அந்த இரும்புத் துடுப்பு சுழலும் வேகத்தில் தேங்காயே உடையும். முதல் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓடு ஓடாகக் கிடந்தது, முழு முட்டை ஒன்றுகூட இல்லை. எண்ணெய் முழுக்கப் பெயிண்டில் கலந்திருந்தது. எழுதிக் கொடுத்தேன். "ஏற்கனவே ஆறத் தொடங்கிவிட்டது" என்று பிரகடனம் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்.

அப்படியே பாலத்துக்கு அடித்தார்கள். எண்ணெய் மிஞ்சிய பெயிண்ட் எப்படிக் காயும்? மூன்று வாரமாகியும் கைப்பிடி பிசுபிசுவென்று இருந்தது. கொசு, ஈசல், யாருடையதோ முடி, குழந்தை துடைத்த மூக்குச்சளி, மிட்டாய்த் தாள், எல்லாம் அதில் ஒட்டிப் படிந்தன. பிடித்தவர்கள் உள்ளங்கை நீலமாகித் திட்டிக்கொண்டே போனார்கள். பயணிகளின் பெட்டி உரசிய இடங்களில் கீறல் விழுந்தது. கீறலில் துரு வந்தது. எந்த ரத்தமும் பாயவில்லை.

சுத்தியல்களை உத்தரவு வந்த மறுநாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது கொடுத்து. மச்சான் ஆறு வாரம் மாடி அறையில் உட்கார்ந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் பிரகடனமே அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்தவன் என்னிடம் கடிதத்தை நீட்டினான். பதவியின் பெயர், தானியங்கிப் பராமரிப்பு அலுவலர்.

"என்னடா வேலை?"

"தினம் காலையில பாலத்துக்குப் போகணும். எங்க கீறல் இருக்கோ அங்க பெயிண்ட் தொட்டு வைக்கணும். சீருடை போடக் கூடாது. பெயிண்டை டப்பாவுல எடுத்துட்டுப் போகக் கூடாது, சாப்பாட்டு டப்பாவுல ஊத்தி எடுத்துட்டுப் போகணும். யாராவது பாத்தா ரயிலுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கணும்."

"அந்தப் பிசுபிசுப் பெயிண்டையா?"

"இல்லே மாமா. பழைய பெயிண்ட். அதுதான் காயுதாம்."

என் மனைவி கேட்டாள்: "டேய், அந்த ஒன்பதாம் படி?"

"நேத்துதான்க்கா ஒரு பூச்சுப் போட்டேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு."

"தட்டிப் பாத்தியா?"

அவன் கடிதத்தை வாங்கி மறுபக்கம் திருப்பிக் காட்டினான். நிபந்தனைகள் அதில் இருந்தன. நான்காவது: பணியிடத்துக்குச் சுத்தியல் கொண்டுவரக் கூடாது. கையால் தட்டுவதும் அதில் அடங்கும்.

ஒன்பதாம் படியின் அடிப்பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.